மைனஸ் 20-இல் இறால் ஒரு வருடம் தாங்குகிறதே, காளை விந்து ஏன் தாங்குவதில்லை?

ஜூரோங்கில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மன்னார்குடிப் பக்கம் அவர்கள் வீட்டுக் கலப்பினப் பசுவுக்கு மூன்று முறை சினை ஊசி, அதாவது திரவ நைட்ரஜன் கேனில் உறைநிலையில் கொண்டுவரும் காளை விந்தைச் செலுத்தும் ஊசி, போட்டும் சினை நிற்கவில்லையாம். "ஊசி போட வருகிறவருடைய கேனில் நைட்ரஜன் வற்றியிருக்கும், விந்து செத்திருக்கும்" என்று ஊரில் அண்ணன் அடித்துச் சொல்கிறாராம். தம்பியின் சந்தேகம் வேறு: "எங்கள் கிடங்கில் மைனஸ் 20-இல் இறாலும் ஆட்டுக்கறியும் ஒரு வருடம் கெடாமல் கிடக்கின்றன. விந்துக்கு மட்டும் எதற்கு மைனஸ் 196? ஃப்ரீசரில் வைத்தால் போதாதா? அண்ணன் சொல்வது சரிதானா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அண்ணன் சொல்வது நடந்திருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து அந்த மனிதர் மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஃப்ரீசர் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஊரில் கால்நடை மருத்துவம் படித்து உறைவிந்து நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவன் நான். இங்கே சிங்கப்பூருக்கு வந்தபிறகு மனித உயிரணுக்களை உறைய வைக்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். அங்கேயும் இங்கேயும் திரவ நைட்ரஜனோடுதான் பிழைப்பு.

இறால் செத்த பொருள். அதில் கிருமி வளரக்கூடாது, கொழுப்பு சிக்குப் பிடிக்கக்கூடாது, கடித்தால் சவசவ என்று இருக்கக்கூடாது. அவ்வளவுதான் நமக்கு வேண்டியது. விந்தணு அப்படியில்லை. உருக்கிய பிறகு அது நீந்த வேண்டும், கருப்பையைத் தாண்டிக் கருக்குழாய் வரை போக வேண்டும், முட்டையின் உறையைத் துளைக்க வேண்டும், கொண்டுபோன மரபணுவையும் சேதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும். போதாததற்கு, உடம்பின் மற்ற உயிரணுக்களுக்கு இருக்கும் ஒரு வசதி இதற்கு இல்லை. முதிர்ந்த விந்தணு புதிதாகப் புரதம் செய்துகொள்ளாது. உறை கிழிந்தால் ஒட்டுப்போடத் தெரியாது. பட்ட அடி பட்டதுதான். வெப்பநிலை பற்றிய எல்லாக் கவலையும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

காளையிடமிருந்து எடுத்த விந்தை உடல் சூட்டிலேயே விட்டுவைத்தால் என்ன ஆகும்? விந்தணுக்கள் தலைதெறிக்க ஓடி, இருக்கும் சர்க்கரையைத் தீர்த்து, லாக்டிக் அமிலத்தைக் கக்கி, அந்த அமிலத்திலேயே சில மணி நேரத்தில் ஓய்ந்துபோகும். சூட்டைக் குறைத்தால் இந்த வேகம் குறையும். பத்து டிகிரி இறங்கினால் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது உயிரியலில் ஒரு தோராயக் கணக்கு. அப்படியானால் கிடுகிடுவென்று குளிரவைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் முதல் பொறி இருக்கிறது.

விந்தணுவின் உறை கொழுப்பால் ஆனது. உடல் சூட்டில் அது நெகிழ்ந்து இருக்கும். ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும் வழியில் அந்தக் கொழுப்பு ஒவ்வொரு பகுதியாக இறுகத் தொடங்கும். மெதுவாக இறுகினால் சமாளித்துக்கொள்ளும். திடீரென்று இறுகினால் உறையில் விரிசல் விட்டு, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே ஒழுகும், வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே பாயும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறோம். நுண்ணோக்கியில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். வால் கொக்கியாக வளைந்தும் சுருண்டும் கிடக்கும். சில முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். இன்னும் பனிக்கட்டியே உருவாகவில்லை, பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கிறோம், அதற்குள் இவ்வளவு சேதம்.

இதற்கு மருந்து கோழிமுட்டையில் கிடைத்தது. மஞ்சள் கருவைக் கலந்தால் காளை விந்து குளிரைத் தாங்குகிறது என்று 1940-இல் அமெரிக்காவில் பிலிப்ஸ், லார்டி என்ற இருவர் காட்டினார்கள். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தினும் கொழுப்புப் புரதமும் விந்தணு உறையோடு சேர்ந்து அதைக் காப்பாற்றுகின்றன. இத்தனை வருடம் கழித்தும் பல நிலையங்களில் முட்டை உடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நானும் கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளைக்கரு ஒட்டாமல் வடிதாளில் உருட்டி உருட்டி மஞ்சள் கருவைப் பிரித்திருக்கிறேன். ஆட்டுக்கு இதே வைத்தியம் சரிப்படாது. கிடாயின் விந்துநீரில் இருக்கும் ஒரு நொதி மஞ்சள் கருவை உடைத்து, விந்தணுவுக்கே நஞ்சாகும் பொருளை உண்டாக்கிவிடும். அதனால் விந்துநீரைக் கழுவி நீக்க வேண்டும், அல்லது முட்டை சேராத கரைசலில் கலக்க வேண்டும். லிம் சூ காங் பக்கம் பிள்ளைகளை ஆடு காட்டக் கூட்டிப் போகிறவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. நானாகச் சொன்னால் வீட்டுக்காரி முறைக்கிறாள்.

பன்றி இன்னொரு விசித்திரம். பன்றி விந்தணுவின் உறையில் கொலஸ்டிரால் குறைவு. அதனால் 15 டிகிரிக்குக் கீழே போனாலே அடிபடும். பண்ணைகளில் அதை 17 டிகிரியில், ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே, வைத்துப் பயன்படுத்துகிறார்கள். எந்தக் கரைசலில் கலந்தார்கள் என்பதைப் பொறுத்து மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை தாங்கும். பொங்கோலில் பன்றிப் பண்ணைகள் இருந்த காலம் 1980-களோடு முடிந்துவிட்டதால் இங்கே இப்போது இந்தக் கவலை யாருக்கும் இல்லை. ஆனால் நம் ஊர்த் தட்பவெப்பத்தில் 17 டிகிரி என்பது எவ்வளவு சங்கடமான எண் என்று பாருங்கள். வெளியே 32. ஏர்கான் அறை 24. குளிர்சாதனப் பெட்டி 4. மூன்றில் எதுவும் ஆகாது. அதனால் இதற்கென்றே தனிப் பெட்டி வைப்பார்கள். சில சின்னப் பண்ணைக்காரர்கள் ஒயின் வைக்கும் பெட்டியை வாங்கி அதில் வைக்கிறார்கள். சிரிப்பு வந்தாலும் சரியான யோசனைதான். 17 டிகிரியில் கிருமியும் சும்மா இருக்காது என்பதால் கரைசலில் ஆன்டிபயாடிக் சேர்ப்பது கட்டாயம். விந்தணு அடியில் படியாமல் இருக்கப் பைகளை அவ்வப்போது மெல்லப் புரட்டிவிடவும் வேண்டும்.

குதிரை விந்து 5 டிகிரியில் ஒன்றிரண்டு நாள். கிராஞ்சியில் 2024 அக்டோபர் வரை ஓடிய பந்தயக் குதிரைகளுக்கு இதுவும் பொருந்தாது. தரோபிரெட் இனத்தில் நேரடிச் சேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டுமே பதிவு செய்வார்கள்.

மாட்டு விந்தையே உறைய வைக்காமல் பயன்படுத்தும் நாடு ஒன்று உண்டு, நியூசிலாந்து. அங்கே புல் தழைக்கும் பருவத்தை ஒட்டி நாடு முழுவதும் பெரும்பாலான கறவை மாடுகள் சில வாரங்களுக்குள் சினைப்படுத்தப்படும். அந்த அவசரத்துக்கு, நைட்ரஜன் வாயு செலுத்தி ஆக்சிஜனைக் குறைத்த ஒரு கரைசலில் கலந்து, குளிர்சாதனம்கூட இல்லாமல் சாதாரண அறை வெப்பத்தில் சில நாள் வைத்திருந்து போட்டுவிடுகிறார்கள். உறைய வைப்பதில் சாகும் விந்தணுக்கள் இதில் சாவதில்லை. ஆகவே ஓர் ஊசிக்குப் பல மடங்கு குறைவான எண்ணிக்கையே போதும், ஒரு நல்ல காளையை அத்தனை மாடுகளுக்குப் பங்கிடலாம். குறைந்த வெப்பநிலைதான் எப்போதும் சிறந்தது என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதே எத்தனை டிகிரி என்பதை முடிவு செய்கிறது.

வருடக்கணக்கில் வைக்க வேண்டும், உதகையில் எடுத்ததை மன்னார்குடியில் போட வேண்டும் என்றால் உறைய வைத்தே ஆக வேண்டும். அது 1949 வரை கைகூடவில்லை. அந்த வருடம் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் சேவல் விந்தை மைனஸ் 79 வரை உறைய வைத்து உயிரோடு மீட்டார்கள். அவர்கள் கையில் இருந்த சீசாவில் பழச்சர்க்கரைக் கரைசல் இருப்பதாக நினைத்துத்தான் பயன்படுத்தினார்கள். சோதித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது கிளிசராலும் முட்டை வெள்ளைக்கருவும். சீசாக்களின் லேபிள் மாறிப்போனதில் ஒரு துறையே பிறந்தது. (கிளிசரால் இருக்கும்வரை கோழிக்குக் கரு நிற்காது, போடுவதற்கு முன் அதை நீக்க வேண்டும் என்பது தனிக் கூத்து.) 1950-களின் தொடக்கத்திலேயே உறைவிந்தில் கன்று பிறந்துவிட்டது.

உறையும்போது நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். முதலில் வெளியே இருக்கும் நீர்தான் பனிக்கட்டியாகிறது. சுத்த நீர் பனிக்கட்டிக்குள் போய்விடுவதால், மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உப்பு விந்தணுவுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். மிக மெதுவாக உறைய வைத்தால் விந்தணு அந்த உப்புக் கரைசலில் நெடுநேரம் ஊறி வற்றிச் சாகும். மிக வேகமாக உறைய வைத்தால் உள்ளே இருக்கும் நீர் வெளியேற அவகாசம் இல்லாமல் உள்ளேயே பனி ஊசிகளாகி உறையைக் கிழிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது. கிளிசரால் அந்த நடுப்பாதையை அகலமாக்கிக் கொடுக்கிறது. காளை விந்தில் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு கிளிசரால் சேர்க்கிறார்கள்.

ஆகவே நிலையத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு நேரக்கணக்கு உண்டு. விந்தை எடுத்தவுடன் 34, 35 டிகிரி நீர்த்தொட்டியில் வைப்போம். கலக்கும் கரைசலும் அதே சூட்டில் இருக்க வேண்டும், இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலும் மேலதிகாரி வைவார். பிறகு 4 டிகிரிக்கு மெதுவாக இறக்கி, கிளிசரால் உள்ளே ஊறச் சில மணி நேரம் விடுவோம். கால் மில்லி பிடிக்கும் பிளாஸ்டிக் குச்சிகளில் அடைத்து உறையவைக்கும் இயந்திரத்தில் அடுக்குவோம். நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் மைனஸ் 10 வரை, அங்கிருந்து நிமிடத்துக்கு 40 டிகிரி வீதம் மைனஸ் 100 வரை, பிறகு 20 டிகிரி வீதம் மைனஸ் 140 வரை. மொத்தம் ஏழு நிமிடம். அப்புறம் நேராகத் திரவ நைட்ரஜனுக்குள் முக்கிவிட வேண்டியதுதான். இத்தனை கவனத்துக்குப் பிறகும் பாதி விந்தணு வரை செத்துப்போகும். இந்திய விதிமுறைப்படி ஒரு குச்சியில் 2 கோடி விந்தணு, உருக்கிப் பார்த்தால் அதில் குறைந்தது 50 விழுக்காடு முன்னோக்கி நீந்த வேண்டும். இதற்குக் கீழே இருந்தால் அன்று சேர்ந்து உறைய வைத்த அந்தத் தொகுப்பையே கழித்துக்கட்டிவிடுவார்கள்.

இப்போது உங்கள் ஃப்ரீசர். மைனஸ் 20-இல் கல்லாகத் தெரிந்தாலும் உள்ளே முழுதும் உறைந்திருக்காது. சாதாரண உப்புநீரே முழுதாக உறைய மைனஸ் 21 வரை போக வேண்டும், கிளிசராலும் சர்க்கரையும் கலந்தது அதற்கும் கீழே போனாலும் முழுசாக இறுகாது. பனிக்கட்டிகளுக்கு இடையே அடர்ந்த உப்புத் திரவம் மெல்லிய வாய்க்கால்களாக ஓடிக்கொண்டிருக்கும், விந்தணுக்கள் அதில்தான் சிக்கிக் கிடக்கும். இதைவிட மோசமான இடத்தை அவற்றுக்குத் தேடிப் பிடிக்க முடியாது. 4 டிகிரியில் வைத்தாலாவது ஒன்றிரண்டு நாள் பிழைக்கும்.

மைனஸ் 80? 2020 டிசம்பரில் சாங்கியில் வந்திறங்கிய ஃபைசர் தடுப்பூசிக்கு மைனஸ் 70 போதுமானதாக இருந்தது, உங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். அது உயிரணு இல்லை. விந்தை ஆரம்ப காலத்தில் ட்ரை ஐஸும் ஆல்கஹாலும் கலந்த தொட்டியில் மைனஸ் 79-இல்தான் வைத்திருந்தார்கள். உடனே சாகவில்லை. மாதங்கள் போகப் போகச் சினைபிடிக்கும் அளவு குறைந்துகொண்டே வந்தது. காரணம், மைனஸ் 80-இலும் மூலக்கூறுகள் மெல்ல அசைகின்றன. சின்னப் பனித்துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்து இன்னும் பெரிதாகின்றன. உங்கள் கிடங்கில் உருகி மறுபடி உறைந்த இறால் பெட்டியைத் திறந்தால் உள்ளே நறநறவென்று பெரிய பனிக்கட்டியாக இருக்குமே, அதே வேலைதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். ஏறக்குறைய மைனஸ் 130-க்குக் கீழே போனால் மிச்சமிருக்கும் நீரும் கண்ணாடியாக இறுகி, இந்த அசைவும் நின்றுவிடுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே, மின்சாரம் இல்லாமல், வயலோரக் கிளை நிலையத்திலும் வைத்திருக்கக்கூடிய மலிவான பொருள் திரவ நைட்ரஜன். அதன் கொதிநிலை மைனஸ் 196. ஆகவே அந்த எண்ணை யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை, நைட்ரஜனோடு கூடவே வந்தது.

அங்கே காலம் நின்றுவிடுகிறது என்று சொன்னால் மிகையில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் 1968-இல் உறைய வைத்த மெரினோ கிடாய்களின் விந்தை ஐம்பது வருடம் கழித்து எடுத்து 56 ஆடுகளுக்குச் செலுத்தினார்கள். 34 ஆடுகள் சினைப்பட்டன, நூற்றுக்கு 61. அண்மையில் உறைய வைத்த விந்திலோ நூற்றுக்கு 59. இந்த முடிவு 2019-இல் வெளிவந்தது. அதனால் "இது பழைய குச்சி, வேண்டாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். குச்சியின் வயது ஒரு பொருட்டே இல்லை.

பொருட்டு எது என்றால், அந்தக் குச்சி எத்தனை தடவை மேலே வந்து போனது என்பதுதான். உங்கள் கேள்வி முழுக்க 'எத்தனை டிகிரியில் வைக்கலாம்' என்பதில் நிற்கிறது. நடைமுறையில் வைத்திருக்கும் இடத்தில் விந்து கெடுவது குறைவு. எடுக்கும்போதும் மாற்றும்போதும்தான் கெடுகிறது.

கேனின் உள்ளே எட்டிப் பாருங்கள். அடியில் திரவம் இருக்கும்வரை மைனஸ் 196. கழுத்துக்குள் மேலே வர வர வெப்பநிலை தடதடவென்று ஏறும். வாய் விளிம்பிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் கீழே மைனஸ் 75, 80 வாக்கில்தான் இருக்கும். விளிம்பில் உறைநிலைக்கும் மேலே. இப்போது ஊசி போடுகிறவர் என்ன செய்கிறார்? குச்சிகள் இருக்கும் குவளையைக் கொக்கியைப் பிடித்து மேலே தூக்குகிறார், எந்தக் காளையுடையது என்று படிக்கக் கண்ணைச் சுருக்குகிறார், பக்கத்தில் மாட்டுக்காரர் ஏதோ கேட்கிறார், திரும்பிப் பதில் சொல்கிறார். கால் மில்லிக் குச்சி மெல்லியது, சித்திரை வெயிலில் நொடிகளில் சூடேறும். தூக்கிய குவளை கழுத்துக்குள்ளேயே, பனி படிந்த கோட்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும். பத்து நொடிக்குள் குச்சியை எடுக்க முடியவில்லையென்றால் திரும்ப இறக்கிக் குளிரவிட்டு, அப்புறம்தான் மறுபடி தூக்க வேண்டும். குச்சி எடுக்க விரல் கூடாது, இடுக்கி வேண்டும்.

மைனஸ் 80-ஐத் தாண்டி மேலே வந்த குச்சியைத் திரும்ப நைட்ரஜனில் போட்டால் குளிர்ந்துவிடும், ஆனால் வளர்ந்த பனிக்கட்டி மறுபடி சின்னதாகாது. அடுத்த தடவை மேலே வரும்போது அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேரும். ஒரு குவளையில் இருக்கும் கடைசிக் குச்சி, தன்னோடு இருந்த மற்ற எல்லாக் குச்சியையும் எடுத்தபோதெல்லாம் மேலே வந்து போயிருக்கும். முதல் குச்சியில் பிடித்த அதே காளை, கடைசிக் குச்சியில் பிடிக்காமல் போவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. இதில் கொடுமை, கெட்ட குச்சிக்கும் நல்ல குச்சிக்கும் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. நிறம் அதே, எழுத்து அதே, குளிர் அதே.

நிலையத்திலிருந்து மாவட்டக் கிடங்கு, அங்கிருந்து கால்நடை மருந்தகம், அங்கிருந்து கிளை நிலையம், அங்கிருந்து ஊசி போடுகிறவர் வண்டியில் கட்டியிருக்கும் 3 லிட்டர் கேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஈச்சங்கோட்டையிலேயே அரசு உறைவிந்து நிலையம் இருந்தாலும் உங்கள் மாட்டுக்கு வந்து சேர இத்தனை கை மாறும். ஒவ்வொரு கையிலும் ஒருமுறை காற்றில் ஆடும். நிலையத்தில் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் ஒரு மதியவேளைக் கேன் மாற்றலில் போய்விடும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்வது, உயர்ந்த காளைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை அளவுகோலுக்கும் இடுக்கிக்கும் பயிற்சிக்கும் செலவழியுங்கள் என்பதுதான்.

நைட்ரஜன் வற்றுவது பற்றி அண்ணன் சொன்னதும் நிஜமான ஆபத்துதான். கேன் என்பது இரட்டைச் சுவர் வைத்து நடுவே வெற்றிடமாக்கிய பாத்திரம். எவ்வளவு நல்ல கேனிலும் நைட்ரஜன் தினமும் கொஞ்சம் ஆவியாகும், அடிக்கடி திறந்தால் கூடுதலாக. மரக்கோலையோ பிளாஸ்டிக் அளவுகோலையோ அடிவரை விட்டு எடுத்து ஆட்டினால் எந்த உயரம் வரை வெள்ளையாகப் பனி பூக்கிறதோ அதுதான் திரவ மட்டம். கேனின் வெளிப்புறம் வியர்த்திருந்தால், அல்லது கழுத்தைச் சுற்றி வெளியே பனி படிந்திருந்தால், வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கேனை அன்றே மாற்ற வேண்டும். ஒரேயொரு தடவை முழுதாக வற்றிப் போய்ச் சூடேறிவிட்டால், அதன்பிறகு விளிம்புவரை நிரப்பி வைத்தாலும் உள்ளே இருப்பது குப்பைதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, நீங்களும் குளிர்பதனத் தொழிலில் இருப்பதால். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். மூடியை இறுக்கி அடைத்தால் கேன் வெடிக்கும். கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டுபோனால் ஆக்சிஜன் குறைந்து, மூச்சுமுட்டும் உணர்வுகூட வராமல் ஆள் மயங்கிவிடுவார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆக்சிஜன் அலாரம் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்பது முதல் நாள் பாடம்.

உருக்குவதிலும் கோட்டை விடுகிறார்கள். மைனஸ் 15-க்கும் மைனஸ் 60-க்கும் இடைப்பட்ட பகுதிதான் விந்தணுவுக்குப் பொல்லாத பகுதி. உறையும்போது அதை ஒருமுறை கடந்தது, உருகும்போது இன்னொரு முறை கடக்கிறது. வேகமாகக் கடந்தால் பிழைக்கும். அதற்குத்தான் 37 டிகிரி வெந்நீரில் 30 நொடி முக்கச் சொல்கிறோம். வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும், விரலை விட்டுப் பார்த்துக் 'கதகதப்பா இருக்கு' என்பது கணக்கில்லை. சட்டைப்பையில் வைத்து உருக்குவதையும், உள்ளங்கையில் உருட்டுவதையும், அக்குளில் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். காற்றிலும் துணியிலும் மெல்ல உருகும் குச்சியில் பனிக்கட்டி பெரிதாவதற்கு நாமே நேரம் கொடுக்கிறோம். உருக்கியபின் குச்சியில் ஒரு சொட்டு நீர்கூட ஒட்டாமல் துடைத்துத்தான் வெட்ட வேண்டும், ஏனென்றால் நீர் பட்டால் விந்தணு ஊதிச் செத்துப்போகும். ஊசி போடும் இரும்புத் துப்பாக்கி (குச்சியைச் செருகி விந்தைச் செலுத்தும் நீண்ட கருவியை அப்படித்தான் சொல்வோம்) வெயிலில் கிடந்து சுட்டுக்கொண்டிருந்தால் அதுவும் எமன்தான். 42 டிகிரிக்கு மேல் விந்தணு நிற்காது. மலைப்பிரதேசத்தில் இதற்கு நேர்மாறாக, சில்லிட்ட துப்பாக்கியில் போட்டுக் குளிர் அதிர்ச்சி கொடுப்பார்கள். உருக்கிய பதினைந்து நிமிடத்துக்குள் மாட்டுக்குள் போய்விட வேண்டும். உருக்கியதை மறுபடி கேனில் போடுவது என்ற பேச்சே கிடையாது.

'சந்தேகமாக இருந்தால் நுண்ணோக்கியில் பார்த்துவிடலாமே' என்று கேட்பீர்கள். பார்க்கலாம், பார்க்க வேண்டும். எல்லாம் அசையாமல் கிடந்தால் விடை தெரிந்துவிட்டது. நன்றாக நீந்தினால் விடை தெரியவில்லை என்று அர்த்தம். விந்தணுவின் தலையில் தொப்பியாக ஒரு பை இருக்கிறது, முட்டை உறையைத் துளைக்கும் நொதிகள் அதற்குள்தான். வெப்பநிலை ஏறி இறங்கியதில் அந்தப் பை கிழிந்த விந்தணுவும் கொஞ்ச நேரம் நன்றாகவே நீந்தும். முட்டைவரை போய் வெறுங்கையோடு நிற்கும். அதனால் நீச்சலை மட்டும் பார்த்துத் தரம் சொல்வதை நான் பாதி சான்றிதழாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றும், பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: வெளிநாட்டு நல்ல விந்தை இங்கிருந்து ஊருக்குக் கொண்டுபோக முடியாதா? தொழில்நுட்பத்தில் தடையில்லை. நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பஞ்சு போன்ற பொருள் நிரப்பிய கேன்கள் இருக்கின்றன. சிந்த எதுவும் இல்லாததால் விமானத்தில் ஏற்றுவார்கள், நிமிர்த்தி வைத்தால் பத்து நாளுக்கு மேலும் மைனஸ் 150-க்குக் கீழேயே இருக்கும். படுக்கப்போட்டால் அந்த ஆயுள் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் விந்து வழியாக நோயும் பரவும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் கால்நடைச் சுகாதாரச் சான்றும் இந்திய அரசின் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் ஒரு குச்சிகூட நகராது. பெட்டியில் மைலோ டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோகும் சாமான் இல்லை இது.

இனி உங்கள் மாடு. எல்லாம் சரியாக இருந்தாலும் கிராமத்து நிலைமையில் ஓர் ஊசிக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மூன்று ஊசியும் வரிசையாகத் தவறும் வாய்ப்பு 27-இல் 8, நூற்றுக்கு முப்பது வாக்கில் வருகிறது. விந்தில் ஒரு குறையும் இல்லாமலேயே இது நடக்கும். நான் அந்த மனிதர் மேல் உடனே பழி போடாதீர்கள் என்றது இதனால்தான். அவர் கொண்டுவந்த குச்சியில் கோளாறா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதே வாரத்தில் அதே கேனிலிருந்து ஊசி போட்ட மற்ற வீட்டு மாடுகள் என்ன ஆயின என்று அண்ணனை விசாரிக்கச் சொல்லுங்கள். தெருவில் எதுவுமே நிற்கவில்லையென்றால் கேனைச் சந்தேகிக்கலாம். மற்றதெல்லாம் சினையாகி உங்கள் மாடு மட்டும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறதென்றால் மாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பருவம் பார்க்கும் நேரமும் முக்கியம். காலையில் கத்த ஆரம்பித்து, கண்ணாடியாக வழும்பு ஒழுகினால் அன்று மாலை ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஆள் கிடைத்த நேரத்தில் போட்டுக்கொண்டால் உலகத்தரமான விந்தும் வீண்தான். வழும்பு தெளிவாக இல்லாமல் வெள்ளையாகவோ சீழ் கலந்தோ வந்தால் கருப்பையில் தொற்று இருக்கிறது, அந்தப் பருவத்தை விட்டுவிட்டு முதலில் வைத்தியம் செய்ய வேண்டும். நான்காவது ஊசிக்கு அவசரப்படாமல் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டுக் கருப்பையையும் சினைப்பையையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள், தாது உப்புக் கலவை கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஊசி போடும் நாளில் அண்ணனை ஒரு வெப்பமானியும் வெந்நீரும் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். முப்பத்தேழு டிகிரி நீரை அவரே நீட்டினால் ஊசி போட வந்தவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.